இரவு நூலகமும் ஐடி கார்டும்: அமெரிக்காவுக்குப் படிக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் முதுகலை படித்த இரண்டு வருடமும் ஓர் அரசுப் பல்கலைக்கழக நூலகத்தில் இரவு மேசை வேலை, அதாவது ஊழியர் உட்காரும் மேசையில் இரவுப் பணி பார்த்தேன். மணி 11 ஆனதும் ஒவ்வொரு மேசையாகப் போய் ஐடி கார்டு பார்ப்பது என் பொறுப்பு. இப்போதும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன். நேரமும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். அதனால் உங்கள் நூலகத்தின் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் ஒரு தடவை நின்று படித்துவிடுங்கள்.

அக்கா, பகலில் சும்மா உள்ளே போக முடிகிறது. ராத்திரி மட்டும் ஏன் கார்டு கேட்கிறார்கள்?

பல அரசுப் பல்கலைக்கழக நூலகங்கள் பகலில் ஊர் மக்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும். இதற்குப் பின்னால் ஒரு சட்டமும் இருக்கிறது. அமெரிக்க அரசு தன் வெளியீடுகளை நாடெங்கும் ஏறத்தாழ 1,100 நூலகங்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. அவற்றில் பல, பல்கலைக்கழக நூலகங்கள். வாங்கிக்கொள்ளும் நூலகம் அவற்றைப் பொதுமக்கள் யாரும் வந்து இலவசமாகப் பார்க்க வழிசெய்ய வேண்டும். ஓய்வுபெற்ற பெரியவர், பள்ளிப் பிள்ளை, வேலை தேடுகிறவர் எல்லாரும் பகலில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

ராத்திரி நிலைமை வேறு. 5 மாடிக் கட்டடத்தில் ஊழியர் இரண்டு மூன்று பேர்தான் இருப்போம். அந்த நேரத்தில் கட்டடத்தை மாணவர், ஆசிரியர், ஊழியர் என்று சுருக்கிக்கொள்கிறார்கள். கார்டு கேட்பது அதற்காகத்தான்.

எல்லா யுனிவர்சிட்டியிலும் இப்படித்தானா?

இல்லை. நியூயார்க்கில் கொலம்பியா மாதிரியான தனியார் பல்கலைக்கழகங்களில் பகலிலேயே கார்டு தேய்த்தால்தான் நூலகத்துக்குள் போக முடியும். அங்கே பட்லர் நூலகத்தில் வாசலிலேயே காவலர் இருப்பார். சில இடங்களில் பகலில் கதவு திறந்தே கிடக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும், கார்டு வைத்தால் திறக்கும். மூன்றாவது வகை நான் வேலை பார்த்தது போன்றது: கதவில் ஒன்றும் இருக்காது, நீங்கள் படிக்கும் மேசைக்கே ஆள் வந்து கேட்பார். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான். உள்ளே வரும்போது யாரும் கேட்கவில்லையே, இப்போது ஏன் கேட்கிறார்கள் என்று தோன்றும். நீங்கள் 9 மணிக்கு வந்து உட்கார்ந்திருந்தாலும் 11 மணி விதி உங்களுக்கும் உண்டு.

பாஸ்போர்ட் காட்டினால் போதாதா? அதைவிடப் பெரிய ஐடி எது?

பாஸ்போர்ட் நீங்கள் யார் என்று சொல்லும். இந்த செமஸ்டரில் இந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறீர்களா என்று அது சொல்லாது. இரவு மேசையில் தெரியவேண்டியது அந்த ஒன்றுதான். ஓட்டுநர் உரிமத்துக்கும் இதே பதில்.

கார்டை அறையில் மறந்துவிட்டேன். மறுநாள் பரீட்சை. என்ன செய்வது?

நேராக ஊழியர் மேசைக்குப் போய் நீங்களாகவே சொல்லுங்கள். மாணவர் எண்ணைக் கேட்பார்கள். கணினியில் உங்கள் படத்தோடு விவரம் வரும். ஒத்துப்போனால் பல இடங்களில் அன்று ஒருநாள் விட்டுவிடுவார்கள். எண்ணை மனப்பாடம் செய்து வைப்பது நல்லது. சில நூலகங்கள் எந்தக் காரணத்துக்கும் விடுவதில்லை. அங்கே வாதாடிப் பயனில்லை, அறைக்குப் போய் எடுத்துவருவதுதான் வழி.

மேசைக்கு வராமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, கேட்கும்போது மறந்துவிட்டேன் என்று சொன்னால் அதே ஊழியருக்கு உங்களை நம்புவது கடினம். முதலிலேயே வந்து சொன்னவர்களை நான் ஒரு தடவைகூடத் திருப்பி அனுப்பியதில்லை.

கார்டை போட்டோ எடுத்து போனில் வைத்திருக்கிறேன். அது செல்லுமா?

செல்லாது. படத்தை யார் வேண்டுமானாலும் யாருக்கும் அனுப்பலாம். ஆனால் போனுக்குள்ளேயே அதிகாரபூர்வமாக ஏற்றித் தரும் டிஜிட்டல் கார்டு வேறு. ஆப்பிள் நிறுவனம் 2018-இல் டியூக், அலபாமா, ஓக்லஹோமா பல்கலைக்கழகங்களில் இதைத் தொடங்கியது. இப்போது பல இடங்களில் வந்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தருகிறது என்றால் அது முழுச் செல்லுபடியான கார்டு.

பேட்டரி தீர்ந்தால் என்ன என்று உடனே கேட்பார்கள். 2018-க்குப் பிறகு வந்த ஐபோன்களில், சார்ஜ் தீர்ந்து திரை அணைந்த பிறகும் சில மணி நேரம் கதவைத் திறக்கும் வசதி உண்டு. கதவு திறந்துவிடும், ஆனால் மேசையில் கார்டிலுள்ள படத்தைக் காட்டச் சொன்னால் அணைந்த திரையில் என்ன காட்டுவீர்கள்? இரவு முழுக்க இருக்கப்போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் கார்டும் பையில் இருக்கட்டும்.

கதவில் கார்டு வைத்தால் சில நாள் திறக்கிறது, சில நாள் திறக்கவில்லை. கார்டு கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. கார்டுக்குள் பேட்டரி கிடையாது. ஓரத்தைச் சுற்றி மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றும், அதோடு ஒரு சின்னச் சிப்பும் இருக்கும். கதவிலிருக்கும் கருவி பரப்பும் மின்காந்தப் புலத்திலிருந்துதான் அந்தச் சிப்புக்குச் சக்தி கிடைக்கிறது. பர்சில் வங்கி அட்டை, பஸ் கார்டு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி அப்படியே வைத்தால், இரண்டு மூன்று சிப்புகள் ஒரே நேரத்தில் பதில் சொல்லிக் கருவி குழம்பிவிடும். கார்டைத் தனியாக எடுத்து வையுங்கள்.

இன்னொன்று, கழுத்துக்கயிற்றில் மாட்டுவதற்காகச் சிலர் கார்டிலேயே ஓட்டை போடுகிறார்கள். அந்தக் கம்பிச்சுருள் அறுந்தால் கார்டு அவ்வளவுதான். உறை வாங்கி அதில் போட்டு மாட்டுங்கள். பழைய காந்தப்பட்டை கார்டாக இருந்தால் கீறலும் காந்தமும்தான் எதிரி. இவை எதுவும் இல்லாமல் குறிப்பிட்ட நாளிலிருந்து ஒரேயடியாகத் திறக்கவில்லை என்றால், சிக்கல் கார்டில் இருக்காது, பதிவில் இருக்கும். கட்டணம் பாக்கியா, அந்தப் பருவத்துக்குப் பாடம் பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

என் கார்டில் பெயர் தப்பாக இருக்கிறது. எஃப்என்யு என்று போட்டிருக்கிறார்கள். ராத்திரி சந்தேகப்படுவார்களா?

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே வரும் தலைவலி. நமக்கு இனிஷியல்தான், குடும்பப்பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப்பெயர் இடத்தில் போட்டுவிட்டு, முதல்பெயர் இடத்தில் 'முதல்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமான எஃப்என்யு என்ற மூன்று எழுத்தைப் போடுகிறார்கள். அது அப்படியே பல்கலைக்கழகப் பதிவுக்கும் கார்டுக்கும் வந்துவிடும். அப்பா பெயரைக் குடும்பப்பெயராகக் கொடுத்தவர்களை எல்லோரும் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் இப்படித்தான்.

இரவு மேசையில் இதனால் தடை வராது. நாங்கள் பார்ப்பது படமும் எண்ணும்தான். ஆனாலும் பார்த்துப் பார்த்து மனசு வருத்தப்படும் என்றால், பல பல்கலைக்கழகங்களில் விருப்பப் பெயரைக் கார்டில் அச்சிட அனுமதிக்கிறார்கள். சட்டப்பூர்வ ஆவணங்களில் பழைய பெயரே இருக்கும். கார்டில் உங்களைக் கூப்பிடும் பெயர் இருக்கும். முதல் வாரத்திலேயே கேளுங்கள், மாற்றுக் கார்டுக்குத் தனியாகப் பணம் கட்டவேண்டி வராமல் போகலாம்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். ராத்திரி லைப்ரரி எப்படி இருக்கும் என்று காட்டலாமா?

பகலில் கூட்டிப்போங்கள். மேலே சொன்ன மாதிரி, அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் பெரும்பாலும் தடையே இருக்காது; தனியார் இடமாக இருந்தால் விருந்தினர் சீட்டு தருவார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரவு நேரத்துக்கு விருந்தினர் அனுமதி கிடைப்பது அரிது. படிக்கப் பதிவு செய்யாத கணவர் அல்லது மனைவிக்கும் இதுவே.

அறைத்தோழிக்கு என் கார்டைக் கொடுத்தால் என்ன? இரண்டு பேரும் ஒரே காலேஜ்தானே?

கொடுக்காதீர்கள். இது ஹாஸ்டலில் ஒருவர் சைக்கிளை இன்னொருவர் எடுத்துப்போவது போலத்தான் நமக்குத் தோன்றும். ஆனால் மாணவர் நடத்தை விதிகளில் கார்டை அடுத்தவருக்குக் கொடுப்பது தனியாகக் குறிப்பிடப்படும் தவறு. கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் விசாரணை வரும். என் பணிநேரத்தில் ஒருமுறை இப்படி நடந்தது. ஒரு மாணவியின் அறைத்தோழிக்குத் தன் கார்டு தொலைந்திருந்தது. புதியது வாங்கும் கட்டணத்துக்கு யோசித்து, இவளுடையதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். படம் ஒத்துப்போகவில்லை, கார்டை வாங்கி வைக்கவேண்டியதாயிற்று. இரண்டு பேரும் அடுத்த வாரம் மாணவர் நடத்தை அலுவலகத்தில் விளக்கம் எழுதிக்கொடுத்தார்கள். தொலைந்த கார்டுக்கு மாற்று வாங்கியிருந்தால் அன்றே முடிந்திருக்கும் விஷயம். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

சரி, கார்டு கொடுக்கவில்லை. பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் தப்பா? மூஞ்சியில் சாத்துவது மரியாதையா?

மனசுக்கு மிகவும் கடினமான கேள்வி இதுதான். நம் வளர்ப்பில் பின்னால் வருகிறவருக்குக் கதவைப் பிடிப்பது பண்பு. ஆனால் இரவுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்வதற்காகவே வைத்தது.

1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் லீஹை பல்கலைக்கழக விடுதியில் ஜீன் கிளெரி என்ற 19 வயது மாணவி தன் அறையிலேயே கொல்லப்பட்டார். தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை யாரோ பீட்சா அட்டைப்பெட்டிகளைச் செருகித் திறந்து வைத்திருந்தார்கள்; கொலையாளி அந்த வழியாகத்தான் உள்ளே போனான். அவனும் அதே பல்கலைக்கழக மாணவன். ஜீனின் பெற்றோர் விடாமல் போராடியதால் 1990-இல் ஒரு சட்டம் வந்தது. கல்லூரிகள் தங்கள் வளாகக் குற்றங்களின் கணக்கை வருடாவருடம் வெளியிட வேண்டும் என்பது அதிலிருந்து வந்ததுதான். விடுதியில் நடந்தது என்றாலும் இரவு நூலகக் கதவுக்கும் இது பொருந்தும். பின்னால் வருகிறவரிடம் 'கார்டை வைத்துவிட்டு வாருங்கள், ப்ளீஸ்' என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். கார்டு உள்ளவர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொல்லத் தயக்கமாக இருந்தால் உள்ளே வந்து மேசையில் சொல்லுங்கள். கேட்பது எங்கள் வேலை.

ராத்திரி 11 மணிக்கு அம்மாவுக்குப் போன் பேச வெளியே வந்தேன். கார்டு உள்ளே மேசையில். கதவு பூட்டிக்கொண்டது!

பூட்டிக்கொள்ளும் கதவுள்ள நூலகங்களில் வாரத்தில் இரண்டு பேராவது இப்படி மாட்டுவார்கள். கிழக்குக் கரையில் இரவு 11 என்றால் கோடையில் ஊரில் காலை 8.30, அம்மா காபி குடித்துக்கொண்டு பேச உட்காரும் நேரம். கண்ணாடியைத் தட்டினால், அல்லது வாசலில் இருக்கும் பொத்தானை அமுக்கினால் ஆள் வருவார். பெயர், எண், எந்த மாடியில் உங்கள் பை இருக்கிறது என்று கேட்டுவிட்டுக் கூடவே வந்து கார்டைப் பார்ப்பார்கள். கார்டை மேசையில் வைக்காமல் போன் உறைக்குள் வையுங்கள். போன் இல்லாமல் நாம் வெளியே போவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கட்டும். உள்ளே வரத்தான் கார்டு. நெருப்பு, புகை, அலாரம் என்றால் வெளியேறும் கதவு எந்தக் கார்டும் இல்லாமல் திறக்கும். கார்டைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

பட்டம் வாங்கியாச்சு, இப்போது ஓபிடியில் (படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கத் தரும் அனுமதி) இருக்கிறேன். விசா இன்னும் எஃப்-1 மாணவர் விசாதானே? ராத்திரி போகலாமா?

விசாக் கணக்கு வேறு, நூலகக் கணக்கு வேறு. குடியேற்றச் சட்டப்படி நீங்கள் இன்னும் எஃப்-1 நிலையில்தான் இருக்கிறீர்கள். ஆனால் பட்டம் பெற்றதும் பல்கலைக்கழகப் பதிவில் நீங்கள் முன்னாள் மாணவர் ஆகிவிடுவீர்கள். இரவு அனுமதி பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். பகலில் பொதுமக்களோடு சேர்ந்து வரலாம். முன்னாள் மாணவர் கார்டு வாங்கினாலும் அது இரவுக்கும் செல்லுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கோடைப் பருவத்தில் பாடம் எடுக்காதவர்களுக்கும் சில இடங்களில் கார்டு தூங்கிவிடும்.

நான் எத்தனை மணிக்கு வந்தேன் போனேன் என்று எல்லாம் பதிவாகுமா? வீட்டில் கேட்டால் சொல்லிவிடுவார்களா?

கதவில் கார்டு வைத்தால் எண்ணும் நேரமும் பதிவாகும். எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேசையில் கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும் கார்டுக்குப் பெரும்பாலும் எந்தப் பதிவும் கிடையாது.

வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். 1974-இல் வந்த கல்விப் பதிவுகள் சட்டத்தின்படி கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கே. அப்பா கட்டணம் கட்டியிருந்தாலும் ஊரிலிருந்து போன் செய்து கேட்டால் கிடைக்காது. நூலகர்கள் இதில் இன்னும் கறாரானவர்கள். 2005-இல் கனெக்டிகட் மாநிலத்தில், நூலகக் கணினியைப் பயன்படுத்தியவர்கள் பற்றிய விவரத்தை எஃப்பிஐ ரகசியக் கடிதம் கொடுத்துக் கேட்டது. யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்ற தடையும் அதில் இருந்தது. நான்கு நூலகர்கள் கொடுக்க மறுத்து வழக்குப் போட்டார்கள். 2006-இல் அரசே பின்வாங்கியது. அவர்கள் செய்ததை அறிந்த பிறகுதான் இந்த வேலையின் கனம் எனக்குப் புரிந்தது.

எத்தனையோ பேர் இருக்க, என்னிடம் மட்டும் வந்து கார்டு கேட்டார்கள். என் நிறத்துக்காகத்தானே? காட்ட மாட்டேன் என்று சொல்லலாமா?

அப்படித் தோன்றுவதில் தவறே இல்லை. சில நேரம் உண்மையாகவே அப்படி நடக்கும். இந்தக் கேள்விக்கு இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2006 நவம்பர் 14, லாஸ் ஏஞ்சலஸில் யுசிஎல்ஏ என்ற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பவல் நூலகம். இரவு 11.30 வாக்கில் கணினிக் கூடத்தில் கார்டு சோதனை. ஈரானிய வம்சாவளி மாணவர் ஒருவர், தன் தோற்றத்தால்தான் தன்னைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக் காட்ட மறுத்தார். வளாகப் போலீஸ் வந்தது. மின்அதிர்ச்சித் துப்பாக்கியை அவர் மேல் பல தடவை பிரயோகித்தார்கள். அவர் அலறுவதைப் பக்கத்திலிருந்த மாணவர் ஒருவர் எடுத்த படம் உலகமெல்லாம் பரவியது. பல்கலைக்கழகம் வெளியாள் ஒருவரைக் கொண்டு விசாரித்தது. 2007-இல் வந்த அறிக்கை, போலீஸ் செய்தது விதிமீறல் என்றது. கேட்டபோதே மாணவர் கார்டைக் காட்டியிருக்கவேண்டும் என்றும் சொன்னது. 2009-இல் 2,20,000 டாலர் இழப்பீட்டோடு வழக்கு முடிந்தது. அந்த இரவின் வலியை அந்தப் பணம் ஈடுகட்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

2019 ஏப்ரலில் நியூயார்க்கின் பார்னார்ட் கல்லூரி. 11 மணிக்கு மேல் வாயிலில் கார்டு காட்டவேண்டும் என்பது அங்கே விதி. கொலம்பியாவின் கறுப்பின மாணவர் ஒருவர் காட்டாமல் உள்ளே போனார். நூலகக் கட்டடத்தில் காவலர்கள் அவரை மேசை மேல் அழுத்திப் பிடித்தார்கள். வெள்ளை மாணவர்களிடம் இந்த விதியை இப்படி யாரும் பிடிப்பதில்லை என்று பிறகு மாணவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

அதனால் நான் சொல்வது: கார்டை உடனே காட்டிவிடுங்கள். காட்டிவிட்டு, 'இந்த வரிசையில் எல்லோரிடமும் கேட்கிறீர்களா?' என்று அமைதியாகக் கேளுங்கள். நேரம், இடம், கேட்டவரின் பெயர்ப்பட்டை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மறுநாள் நூலகத் தலைமைக்கும், பாகுபாடு பற்றிய புகார்களைப் பார்க்கும் சமவாய்ப்பு அலுவலகத்துக்கும் எழுதுங்கள். எழுத்தில் வந்த புகாரைத் தட்டிக்கழிப்பது கடினம். விசாவில் வந்திருப்பவர்களுக்குக் கைது என்ற ஒரு பதிவே பெரிய சிக்கலாக முடியலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நடுராத்திரியில் அதை நிலைநாட்டப் பார்க்காதீர்கள்.

ஏற்கனவே வாக்குவாதம் ஆகி போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்போது?

கைகள் வெளியே தெரியட்டும். கார்டு பையில் இருந்தால், 'பையிலிருந்து எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். வெளியே போகச் சொன்னால் போய்விடுங்கள். உங்களுக்கு ஒன்றும் ஆகாமல், பக்கத்து மேசைக்காரருக்கு நடக்கிறது என்றால் குறுக்கே போகாமல் தள்ளி நின்று படம் எடுக்கலாம். மேலே சொன்ன இரண்டு சம்பவமும் வெளியே வந்தது அப்படி எடுத்த படங்களால்தான்.

எனக்கே இப்போது இரவு மேசை வேலை கிடைத்திருக்கிறது அக்கா. தெரிந்த பையன்களிடமும் கார்டு கேட்கணுமா? சங்கடமாக இருக்கிறது.

வாழ்த்துகள். வகுப்பு நடக்கும் காலத்தில் எஃப்-1 மாணவர்களுக்கு வளாக வேலை வாரம் 20 மணி நேரம்தான். இரவுப் பணி ஒன்று நள்ளிரவைத் தாண்டி அடுத்த வாரத்துக்குள் போகும்போது கணக்கைச் சரியாகப் பாருங்கள்.

கார்டு எல்லோரிடமும் கேளுங்கள். முந்தைய கேள்வியில் வந்த அந்த இரண்டு இரவுகளை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் எப்போதும் கதவுக்குப் பக்கத்து மேசையில் தொடங்கி, ஒரு நாற்காலியையும் விடாமல் கடைசி மேசை வரை போவேன். போவதற்கு 10 நிமிடம் முன்பே ஒலிபெருக்கியில் சொல்லிவிடுவேன், யாரும் திடுக்கிட வேண்டாம் என்று. தூங்குகிறவர்களை முதுகில் தட்டி எழுப்பக்கூடாது. மேசையை விரலால் தட்டினால் போதும். உங்கள் நண்பன் அந்த வரிசையில் இருந்தால் அவனிடம் சத்தமாகவே கேளுங்கள். பக்கத்தில் இருக்கும், உங்களைத் தெரியாத மாணவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்கள் அவர் பக்கம் திரும்புவதற்குள் அவர் கார்டை எடுத்து வைத்திருப்பார்.